தொழில்திறனும் அறமும்: மோட்டார் சைக்கிள் பேட்டரி இணைப்பை முன்வைத்து

மோட்டார் சைக்கிள் பேட்டரியிலிருந்து ஃபாக் லைட்டுக்கோ மொபைல் சார்ஜருக்கோ தனியாக ஒயர் இழுக்கும் வேலை, முடிந்த கையோடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். சீட்டைப் பூட்டியபின் வெளியே தெரிவது எரியும் விளக்கு மட்டுமே. முறையாகச் செய்த இணைப்பிலும் அந்த விளக்கு எரியும்; ஃபியூஸ் வைக்காமல், ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பிலும் அதே வெளிச்சத்தில் எரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல மாதம் கழித்து, ஒரு மழை நாளிலோ, இரவு நேர நெடுஞ்சாலையிலோ, வேறொருவர் வண்டியை ஓட்டிச் செல்லும்போதோ வெளிப்படும்.

மெய்யியலின் பழைய கேள்வி ஒன்று இந்த இடத்தில் கூர்மை பெறுகிறது. ஒரு வேலையை நன்றாகச் செய்வதற்குத் திறமை போதுமா, செய்பவரின் நற்குணமும் வேண்டுமா? திறமையும் அறமும் எண்ணத்தில் பிரிக்கக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மறைவிடத்தில் நடப்பதும் பிறர் உயிரைத் தொடுவதுமான வேலையில் அவற்றைப் பிரித்துச் செயல்பட முடியாது. இதைக் காண, முதலில் வேலையையே அறிந்துகொள்ள வேண்டும்.

வேலையின் இயல்பு

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. ஆறு செல்கள் தொடராக இணைந்த இது, முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் ரெகுலேட்டர் வழியாக 14 வோல்ட் அளவில் வந்து பேட்டரியை நிரப்புகிறது. சிறிய வண்டிகளின் பேட்டரிகள் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையவை. 350 சிசி வண்டிகளில் 8 ஆம்பியர் மணி பேட்டரிகளும் உண்டு.

உள்ளங்கைக்குச் சற்றே பெரிய இந்தப் பெட்டியின் ஆற்றலைக் குறைத்து எண்ணக் கூடாது. பாசிட்டிவ் ஒயரின் உறை தேய்ந்து, செம்பு இழைகள் வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாயும். ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 மடங்கானால் வெப்பம் 100 மடங்காகும். உறை உருகிவிடும், பக்கத்து ஒயர்களும் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் அதற்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது.

இதனால்தான் இந்தத் தொழிலில் சில விதிகள் நிலைபெற்றன. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை என்பதால் அந்தத் துண்டு இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும். தலா 20 வாட் கொண்ட இரண்டு விளக்குகள் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.3 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். ஒயர் அந்த 5 ஆம்பியரைச் சூடாகாமல் தாங்க வேண்டும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று அங்கே 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் ஒயர் எரியும்.

கூடுதல் விளக்குகளின் முழு மின்னோட்டத்தையும் சாவி சுவிட்ச் வழியாகச் செலுத்தக் கூடாது. அதன் தொடுமுனைகள் கருகும். ஒரு ரிலேயை வைத்து, சாவி போட்டால் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து சிறு மின்னோட்டத்தால் அதை இயக்கினால், விளக்குகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி வழியில் செல்லும். சாவியை எடுத்ததும் எல்லாம் அணையும். அப்படி இல்லாமல் நேரடியாக இணைத்த ஒரு கருவி 10 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தாலும், ஒரு நாளில் 0.24 ஆம்பியர் மணி போகும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் 5 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி காலியாகியிருக்கும். அந்த நிலையில் கிடக்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்து, அதன் ஆயுள் குறையும்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். முடிக்கும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். நெகட்டிவ் முனை சட்டத்தோடு இணைந்திருப்பதால், அது இருக்கும்போதே பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் சட்டத்தில் பட்டதும் ஷார்ட் ஆகும். இணைப்புகளை டெர்மினல் வைத்து இறுக அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒயர் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பார்க்க வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து ஒயர் விலகிச் செல்ல வேண்டும்.

இந்த விதிகளில் ஒன்றுகூட விளக்கு எரிவதற்குத் தேவையானதன்று. எல்லாமே ஏதோ ஒன்று பிழையாகும் நாளுக்காகச் செய்யப்படுபவை. வேலையின் பெரும்பகுதி உழைப்பும் செலவும், ஒருவேளை வரவே வராத அந்த நாளுக்குச் செல்கிறது. அறக்கேள்வி இங்கே தொடங்குகிறது.

திறமையின் தவறும் அறத்தின் தவறும்

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஆறாம் நூலில் ஆக்கத்தையும் செயலையும் பிரிக்கிறார். வீடு கட்டுவது, கப்பல் செய்வது போன்ற ஆக்கத் தொழில்களில் நோக்கம் செய்பவருக்கு வெளியே, செய்த பொருளில் இருக்கிறது. நேர்மை, துணிவு போன்ற செயல்களில் நன்றாகச் செய்வதே நோக்கம். முதலாவதை ஆள்வது தொழிலறிவு. இரண்டாவதை ஆள்வது நடைமுறை விவேகம்.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட அவர் தரும் சோதனை நுட்பமானது. தொழிலறிவில் வேண்டுமென்றே தவறு செய்பவர், அறியாமல் தவறுபவரைவிட மேலானவர். அவருக்குச் சரியானது தெரியும் என்பதே காரணம். விவேகத்திலும் நற்குணங்களிலும் இது தலைகீழாகிறது. அங்கே தெரிந்தே தவறுபவரே தாழ்ந்தவர். பிளேட்டோவின் சிறிய ஹிப்பியஸ் உரையாடல் இதே சிக்கலை முன்பே எழுப்பி, விடை காணாமல் நின்றிருந்தது.

ஃபியூஸ் இல்லாத இணைப்பை இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். ஒரு மெக்கானிக்குக்கு ஃபியூஸ் ஏன் வேண்டும் என்பது தெரியாது, அதனால் வைக்கவில்லை. இன்னொருவருக்கு நன்றாகத் தெரியும். அவசரத்தில், அல்லது காசு மிச்சமாகட்டும் என்று வைக்கவில்லை. தொழிலாளி என்ற முறையில் இரண்டாமவர் மேலானவர். நாளையே சரியாகச் செய்யக்கூடியவர் அவர். மனிதர் என்ற முறையில் அவரே தாழ்ந்தவர். ஒரே சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரே குறைபாட்டுக்கு எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள் கிடைக்கின்றன.

திறமையும் அறமும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே எடுத்துக்காட்டு அந்தப் பிரிவின் எல்லையையும் காட்டிவிடுகிறது. வண்டியை எடுத்துச் செல்பவருக்கு மெக்கானிக்கின் அறிவால் பயனில்லை. ஒயரில் இறங்கிய அறிவே அவரைக் காக்கிறது. தெரிந்ததைச் செய்வதற்கான மனம் இல்லாவிட்டால் அறிவு கையிலேயே நின்றுவிடும். அதை ஒயர் வரை கொண்டுசெல்வது தொழிலறிவின் வேலையன்று, குணத்தின் வேலை. ஆகவே முழுமையான தொழில் என்று ஒன்று இருக்குமானால் அதற்குள் குணமும் இருந்தாக வேண்டும்.

பார்க்க ஆளில்லாத இடம்

பிளேட்டோவின் குடியரசு நூலின் இரண்டாம் பகுதியில் சாக்ரடீஸோடு உரையாடும் கிளாக்கன் ஒரு கதையை முன்வைக்கிறான். அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரம் ஓர் ஆட்டிடையனுக்குக் கிடைக்கிறது. அவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் நேர்மையானவன் எவனாவது நேர்மையாக இருப்பானா என்பது கிளாக்கனின் அறைகூவல். மாட்டிக்கொள்ளும் அச்சமே மனிதரை நல்லவராக வைத்திருக்கிறது என்பது அவன் எடுத்துவைக்கும் வாதம்.

இதைப் புராணக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. கைவேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அந்த மோதிரம் நாள்தோறும் கிடைக்கிறது. சுவருக்குள் போகும் குழாய், பூச்சுக்குள் மறையும் செங்கல், டேப்புக்குள் ஒளியும் ஒயர் முடிச்சு ஆகியவற்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வண்டிக்காரர் பார்த்தாலும் அவருக்குப் புரியாது. வருடம் கழித்து ஒயர் எரிந்தால், சான்றும் சேர்ந்து எரிந்துவிடும்.

சமயங்கள் இந்த இடத்தைக் கூர்ந்து கவனித்திருக்கின்றன. ஜிப்ரீல் ஹதீஸ் என்று அறியப்படும் நபிமொழியில் இஹ்சான் என்ற உயர்நிலை விளக்கப்படுகிறது: இறைவனை நேரில் காண்பதுபோல் வழிபட வேண்டும், தன்னால் காண முடியாவிட்டாலும் அவன் தன்னைக் காண்கிறான் என்று உணர வேண்டும். இஸ்லாமிய அறநூலோர் இந்த உணர்வைத் தொழுகையோடு நிறுத்தாமல் அன்றாடத் தொழிலுக்கும் விரித்தனர். பார்க்க ஆளில்லாத இடம் என்ற ஒன்றே இல்லை என்பது இதன் உட்பொருள்.

இறைநம்பிக்கை இல்லாதவருக்கு இந்த விடை பயன்படாது என்று தோன்றலாம். குடியரசு நூல் தரும் விடை வேறு வழியில் செல்கிறது. அநீதி முதலில் கெடுப்பது செய்தவரின் உள்ளத்தின் ஒழுங்கை என்கிறார் சாக்ரடீஸ். தொழிலில் இது வெளிப்படையாகவே தெரியும். ஒருமுறை டேப்பால் மூடித் தப்பித்த கை, அடுத்த முறை அதையே வழக்கமாக்கிக்கொள்கிறது. நாளடைவில் சரியான இணைப்புக்கும் தவறானதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே படாமல் போகிறது. அறத்தில் தொடங்கிய தளர்ச்சி திறமையையும் தின்றுவிடுகிறது. பழக்கத்தாலேயே நற்குணங்களும் தொழில்களும் கைவருகின்றன என்று அரிஸ்டாட்டில் சொன்னது, அவை கெடும் வழிக்கும் பொருந்தும்.

தொலைவில் விழும் விளைவு

செய்பவருக்கும் விளைவை அனுபவிப்பவருக்கும் இடையே நீண்ட காலமும் தொலைவும் இருக்கலாம். வண்டி கைமாறலாம், தம்பியோ மகளோ ஓட்டலாம். அறிமுகமற்ற ஒருவருக்கு நேரக்கூடிய தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்பது அடுத்த கேள்வி.

எபிரேய மறைநூல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். குழி தோண்டி மூடாமல் விட்டவர், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். பின்வந்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, தீங்கின் மூல வகைகள் நான்கில் குழியை ஒன்றாகவும் நெருப்பை இன்னொன்றாகவும் வைத்தது. குழி யாரையும் தேடிச்சென்று தாக்குவதில்லை, அது காத்திருக்கிறது. வெட்டியவர் அங்கே இல்லாவிட்டாலும் அவருடைய செயல் அங்கேயே இருக்கிறது. ஃபியூஸ் இல்லாத ஒயரும் அப்படிக் காத்திருப்பதுதான்.

கைப்பிடிச்சுவர்ச் சட்டத்தின் சிறப்பு, அது விழுந்தபின் தண்டிப்பதோடு நிற்காமல், விழுவதற்கு முன்பே கட்டச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட பொறுப்பின் நெறி பற்றிய நூல் இதே திசையில் சென்றது. பழைய அறங்கள் அருகில் இருப்பவரை மனத்தில் கொண்டவை. நவீனத் தொழில்நுட்பமோ செயலின் கையை எட்டாத இடங்களுக்கும் காலங்களுக்கும் நீட்டிவிட்டது என்றார் அவர். ஆகவே நல்ல கணிப்பையும் தீய கணிப்பையும் எதிரெதிரே வைத்தால், தீய கணிப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்பது அவர் முன்மொழிந்த நெறி. அவர் எண்ணியது பூமியின் எதிர்காலம் போன்ற மாபெரும் கேள்விகளை. ஆனாலும் அவருடைய நெறி சில ரூபாய் விலையுள்ள ஒரு ஃபியூஸில் முழுதாக அடங்கியிருக்கிறது. ஃபியூஸை வைப்பவர் கெட்டதை முன்கூட்டி எண்ணி அதற்கு இடம் ஒதுக்குகிறார். தம் கை தவறக்கூடியது, உறை தேயக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தவறின் சுமை பிறர்மேல் விழாதபடி தடுக்கிறார். பணிவும் பொறுப்பும் இவ்வளவு சிறிய பொருளில் ஒன்றுசேர்வது அரிது.

அளவறிதல்

இணைப்பு வேலையின் இன்னொரு பாதி கணக்கு. ஆல்டர்னேட்டர் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தையே தரும். ஹெட்லைட், எரிபொருள் பம்ப், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஆகியவை அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதே கூடுதல் கருவிகளுக்கு உரியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் ஹெட்லைட் எஞ்சின் ஓடும்வரை தானாகவே எரிந்துகொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் வந்தபின் கார்புரேட்டர் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் முறை பெரிதும் பிடித்துக்கொண்டது. முன்பு பேட்டரி இறந்தாலும் கிக்கரை உதைத்து ஓட்டக்கூடிய வண்டிகள் இருந்தன. இன்று பேட்டரி தளர்ந்தால் பம்பும் கணினியும் இயங்காமல் வண்டியே நின்றுவிடக்கூடும். அளவு மீறுவதன் விலை கூடியிருக்கிறது.

திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல் இந்தக் கணக்கையே அறமாக வைக்கிறது. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டபின் இறங்கச் சொல்லும் அந்த அதிகாரத்தில், மென்மையான மயிலிறகும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்ற புகழ்பெற்ற குறள் இருக்கிறது. வரவு சிறிதாயினும் செலவு அகலாவிட்டால் கேடில்லை என்ற கருத்தும் அதே அதிகாரத்தில் வருகிறது. அரசர்க்குச் சொன்ன இந்த அறிவுரை பேட்டரிக்கு அப்படியே பொருந்துவது தற்செயலன்று. வரவும் செலவும் எல்லையும் உள்ள எதற்கும் அறிவின் முதல் வடிவம் அளவறிதலே.

அரிஸ்டாட்டிலின் நடுவழிக் கோட்பாடும் இங்கே உதவுகிறது. நற்குணம் மிகைக்கும் குறைக்கும் இடையில் உள்ளது என்றார்; ஆனால் அந்த நடு கணக்கில் வரும் சராசரியன்று, ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்ப அமைவது என்றும் வற்புறுத்தினார். மற்போர் வீரன் மைலோவுக்குப் போதாத உணவு பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகை. ஃபியூஸின் அளவும் இத்தகையது. சிறியதானால் சாதாரண ஓட்டத்திலேயே போய்விடும். பெரியதானால் ஒயரைக் காக்காது. சரியான எண் எது என்பதை அந்த விளக்கும் அந்த ஒயரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அளவு மின்சாரத்தோடு முடிவதில்லை. மிகை வெளிச்சமுள்ள விளக்கு ஓட்டுபவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றலாம். எதிரே வருபவரின் கண்ணை அது சில நொடிகள் குருடாக்குகிறது. குருடர் முன் தடுக்கும் கல்லை வைக்கக் கூடாது என்ற லேவியராகமத்தின் கட்டளை இங்கே ஏறத்தாழ நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. விளக்கைத் தாழ்த்திப் பொருத்துவதும், எதிரே வண்டி வரும்போது தனியே அணைக்க ஒரு சுவிட்ச் வைப்பதும் இணைப்பு வேலையின் அறத்தில் சேர்ந்தவை.

பலனில் பற்றும் வேலையில் கவனமும்

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் செயலில் உள்ள திறனையே யோகம் என்கிறது. இதைத் தொழில்நேர்த்தியின் புகழ்ச்சியாக மேற்கோள் காட்டுவது வழக்கம். சங்கரரின் உரை அப்படிக் கொள்ளவில்லை. வெற்றி தோல்விகளில் சமநிலை காத்து, செயலை ஈசுவரனுக்கு அர்ப்பணிக்கும் மனநிலையே அங்கே பேசப்படும் திறன். கட்டும் இயல்புடைய செயல்கள் அந்தச் சமநிலையால் கட்டாமல் போகின்றன என்பது அவருடைய விளக்கம்.

அப்படியானால் ஒரு சிக்கல் எழுகிறது. பலனில் பற்று விட வேண்டும் என்றால், ஒயர் எரிகிறதா இல்லையா என்பதில் எதற்கு அக்கறை? பதில், எந்தப் பலன் யாருக்கு என்பதைப் பிரிப்பதில் இருக்கிறது. செய்பவரை வந்தடையும் கூலி, புகழ், வெற்றிப் பெருமிதம் ஆகியவை கீதை விடச் சொல்லும் பலன்கள். ஓட்டுபவரின் பாதுகாப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. மூன்றாம் அத்தியாயம் உலகத்தின் நலம் நிலைபெறுவதைக் கருதியே அறிஞர் பற்றின்றிச் செயல்பட வேண்டும் என்கிறது. தன் பலனை விட்டவரிடம்தான் பிறர் நலத்துக்கு முழு இடம் கிடைக்கிறது.

இந்தப் பிரிவு நடைமுறையில் பெரிதும் உதவும். சீக்கிரம் முடித்து அடுத்த வண்டிக்குப் போகும் அவசரம், வேலை எளிதாக வரவில்லையே என்ற எரிச்சல், கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை ஆகியவை கவனத்தைத் தின்கின்றன. ஸ்பேனர் சட்டத்தில் படுவதும், இறுக்க மறந்த நட்டு அப்படியே நிற்பதும் இத்தகைய கணங்களில்தான். பற்று தளர்ந்த மனம் வேலையின்மேல் அக்கறையை இழப்பதில்லை. அதன் அக்கறை வேலையிலேயே குவிகிறது.

வழிபாடும் பராமரிப்பும்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் தமிழ்நாட்டின் பட்டறைகளில் ஆயுத பூஜை நடக்கிறது. ஸ்பேனர்களும் திருப்புளிகளும் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. வண்டிகளுக்கு மாலை சாற்றி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை நசுக்கப்படுகிறது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் செப்டம்பரில் வரும் விசுவகர்மா பூஜை இதற்கு இணையானது.

கருவியை வழிபடுவது காப்பு தருமா என்ற கேள்வியைப் பகுத்தறிவாளர் எழுப்புவது நியாயமே. பூசிய சந்தனம் ஷார்ட் ஆவதைத் தடுக்காது. ஆனால் அந்தச் சடங்கின் உள்ளமைப்பைக் கவனித்தால், வழிபாட்டுக்கு முன் துடைத்தல், கழுவுதல், எண்ணெயிடல், ஒழுங்காக அடுக்குதல் ஆகியவை வருகின்றன. கைக்குள் பழகிப்போய்க் கண்ணில் படாமலிருந்த கருவி, அன்று ஒருநாள் முன்னே வைத்துப் பார்க்கப்படுகிறது. பிழைப்பைத் தருவது தன் திறமை மட்டும் அன்று என்ற நன்றியுணர்வும் அதில் கலந்திருக்கிறது. வழிபாடு பராமரிப்புக்கு மாற்றாக ஆகும்போது அது அச்சத்தின் வெளிப்பாடாகச் சுருங்கிவிடுகிறது. பராமரிப்புக்கு நீட்சியாக இருக்கும்போது தொழிலின் அறத்தை உடலுக்கும் நாள்காட்டிக்கும் பழக்குகிறது. மாலையிட்ட வண்டியில் ஃபியூஸும் இருக்க வேண்டும் என்பதை எந்த இறையியலும் மறுக்காது.

அக்கறையும் தரமும்

மோட்டார் சைக்கிளை மெய்யியலுக்குள் கொண்டுவந்த நூல்களில் முதன்மையானது, அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றவர் அவர். தம் மகனோடு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை வண்டியில் சென்ற பயணத்தின் ஊடே, தரம் என்பது என்ன என்ற கேள்வியை அந்நூலில் தொடர்கிறார். தம் வண்டியைப் பழுதுபார்த்துக் கெடுத்த பட்டறையை எண்ணிப் பார்க்கும் இடத்தில் அவர் காணும் குறை அறிவுக்குறையன்று. அங்கிருந்தவர்கள் தங்கள் வேலைக்கே பார்வையாளர்களாக இருந்தார்கள். அக்கறையும் தரமும் ஒன்றின் அகமும் புறமும் என்பது அவர் வந்தடையும் கருத்து.

இது ஆழமான பார்வை. ஆனால் அதில் ஒன்று விடுபடுகிறது. பெர்சிக்கின் அக்கறை பெரும்பாலும் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே நிகழ்கிறது. தன் வண்டியைத் தானே பராமரிப்பவனின் மனநிலை அதற்கு மையம். பிறருக்காக வேலை செய்பவரின் நிலை வேறு. அவர் இயந்திரத்தை நேசிப்பது மட்டும் போதாது. அந்த இயந்திரத்தின்மேல் அமரப்போகும், தம் வேலையைச் சோதிக்கும் அறிவில்லாத மனிதரை மனத்தில் வைக்க வேண்டும். அந்த மனிதரின் நம்பிக்கை மெக்கானிக்கின்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது: வண்டி தாங்காத சுமையைக் கேட்டால் மறுப்பது, எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது, அடுத்துத் திறக்கப்போகும் இன்னொரு மெக்கானிக்குக்குப் புரியும்படி நிறம் பிரித்து ஒயர் போடுவது. மறைந்த வேலையை முடிந்தவரை வெளிப்படையாக்குவது அறத்தின் ஒரு பகுதி.

மூன்று மறுப்புகள்

இந்தக் கருத்துக்கு எதிராக மூன்று வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: விதிகளை எழுதி வைத்துப் பின்பற்றச் செய்தால் போதும், குணம் எதற்கு? விதிகள் மிகத் தேவையானவை. ஆனால் அவை பொதுவானவை. இந்த வண்டியில் ஒயர் எந்த விளிம்பில் உரசும், இந்தப் பழைய சட்டத்தின் துருவில் எர்த் பிடிக்குமா என்பதை எந்தப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லாது. தனிநிகழ்வைக் கண்டு தீர்மானிப்பதே விவேகத்தின் வேலை. அதற்கு மேல், விதியைக் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் அதைக் காப்பதும் குணமே.

இரண்டாவது மறுப்பு நற்பேறு பற்றியது. இரண்டு மெக்கானிக்குகள் ஒரே மாதிரி ஃபியூஸை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் வேலை செய்த வண்டி எரிகிறது. மற்றது பத்தாண்டு ஓடி முடிகிறது. இருவரும் ஒரே அளவு குற்றவாளிகளா? மெய்யியலாளர்கள் பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இந்தச் சிக்கலை அறத்தில் நற்பேறு என்ற தலைப்பில் விவாதித்தனர். தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக யாரையும் பழிக்கக் கூடாது என்று தோன்றுகிறது. ஆனால் விளைவைப் பார்த்தே உலகம் பழிக்கிறது. இழப்புக்கு ஈடு தருவது விளைவைப் பொறுத்திருக்கலாம். குற்றத்தின் அளவோ இருவருக்கும் ஒன்றே. தப்பியவர் தம் வேலை சரியாக இருந்ததாக எண்ணிக்கொள்வதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து; எரியாத வண்டி எதையும் நிரூபிப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு நீதி பற்றியது. மூன்றிலும் கனமானது அதுவே. சாலையோரப் பட்டறையில் வேலை செய்பவரின் நேரத்துக்கு விலை குறைவு. ரிலேயும் நல்ல ஒயரும் எதற்கு, விளக்கு எரிந்தால் போதும் என்று பேரம் பேசுபவர் வண்டிக்காரரே. முழுப் பழியையும் மெக்கானிக்கின் குணத்தின்மேல் போடுவது அறத்தின் பெயரால் செய்யும் அநீதி. மறைந்த வேலைக்கு விலை கொடுக்க மறுப்பவர் மறைந்த தவற்றில் பங்கு கொள்கிறார். தரமற்ற ஒயரை நல்ல உறைக்குள் வைத்து விற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. இந்த மறுப்பு திறமையும் அறமும் பிணைந்தவை என்ற கருத்தைத் தகர்க்கவில்லை. அந்தப் பிணைப்பு ஒருவரோடு முடியாமல், செய்பவர், செய்விப்பவர், பொருள் தருபவர் ஆகிய மூவரையும் கட்டுகிறது என்று காட்டுகிறது.

முடிவு

திறமையையும் அறத்தையும் கருத்தளவில் பிரித்தது மெய்யியலின் பெரும் சாதனை. தீயவர் திறமையாளராக இருக்க முடியும் என்பதையும், நல்லவர் தொழில் தெரியாதவராக இருக்க முடியும் என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது. ஆனால் நன்மை எண்ணம் மட்டுமே உள்ளவர் கட்டிய இணைப்பும் எரியும். அறிவு மட்டுமே உள்ளவர் அவசரத்தில் கட்டிய இணைப்பும் எரியும். பிறர் நலத்தில் அக்கறை உள்ளவருக்குத் தொழிலைச் சரியாகக் கற்பது அறக்கடமை. தொழிலைக் கற்றவருக்கு, தெரிந்ததை யாரும் பார்க்காத இடத்திலும் செய்து முடிப்பது தொழிற்கடமை. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் சரியான அளவில் வைக்கப்படும் ஃபியூஸ் இந்த இரண்டு கடமைகளையும் ஒரே செயலில் நிறைவேற்றுகிறது.